வேலியில்லாத எல்லை: மாசாய் மாராவும் மந்தைக்காரர் நிலமும்

'சஃபாரி' என்ற சொல் எங்களுக்கு அவ்வளவு அந்நியமானதல்ல. அரபு மொழியின் 'சஃபர்' சுவாஹிலிக்குப் போய் சஃபாரி ஆனது. அதே சொல் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் கரையேறி 'சபர்' ஆனது. பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவரை அப்பகுதி முஸ்லிம்கள் 'சபராளி' என்பார்கள். அந்தக் கணக்கில் இதை வாசிக்கும் நாம் எல்லோருமே சபராளிகள்தாம். சுவாஹிலியில் நைரோபிக்கு பஸ் பிடித்துப் போவதும் சஃபாரிதான். சிங்கம் பார்க்கப் போவது என்ற பொருளை அதில் ஏற்றியவர்கள் துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரர்கள். 1977இல் கென்யா வேட்டையைத் தடைசெய்தது. துப்பாக்கி போய்க் கமெரா வந்தது. சொல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

2024 ஆகஸ்டில் நானும் மனைவியும் மகனும் ரொறன்ரோவிலிருந்து கென்யா போனோம். எங்கள் வழிகாட்டி முப்பது வயது மதிக்கத்தக்க மாசாய் இளைஞர். மரியாதைக்காக அவர் என் மனைவியை 'மாமா' என்று அழைத்தார். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. இரண்டு நாட்களுக்கு என் மகன் சிரிப்பை நிறுத்தவில்லை.

முதலில் மாசாய் மாரா தேசிய ரிசர்வுக்குள் போனோம். 1961இல் சிறியதொரு சரணாலயமாகத் தொடங்கியது. இன்று சுமார் 1510 சதுர கிலோமீற்றர். தெற்கே தான்சானியாவின் செரெங்கெட்டியோடு ஒரே புல்வெளியாகத் தொடர்கிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு இருநூறு அமெரிக்க டொலர் நுழைவுக் கட்டணம். நாங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்புதான் அந்த விலைக்கு ஏற்றியிருந்தார்கள். மூன்று பேருக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, சிங்கம் கட்டாயம் வரவேண்டும் என்று மனைவி சொன்னார்.

வந்தது. ஆற்றங்கரையில் வில்டபீஸ்ட் மந்தைகள் குதித்துக் கடப்பதையும் பார்த்தோம். செரெங்கெட்டியிலிருந்து மழையைத் துரத்தி வரும் இவற்றின் எண்ணிக்கை வழக்கமாகப் பதின்மூன்று லட்சம் என்று சொல்லப்படும். தொலைக்காட்சியில் இதைப் பார்த்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர: தொலைக்காட்சி காட்டாத பக்கத்தில் ஐம்பது அறுபது வாகனங்கள் நின்றன. ஒரு வாகனம் முன்னே நகர, மந்தை திரும்பி ஓடியது. மறுபடியும் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

அன்று மாலை ரிசர்வின் வடக்கு எல்லையைத் தாண்டினோம். தாண்டினோம் என்று எனக்குத் தெரியவில்லை, வழிகாட்டி சொல்லித்தான் தெரிந்தது. வேலி இல்லை, மதில் இல்லை. அதே புல், அதே வேல மரங்கள், அதே தொம்சன் மான்கள். சிறிது தூரத்தில் சிவப்புப் போர்வை போர்த்த ஒரு பையன் மாடு மேய்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு முந்நூறு யார் தள்ளி ஒட்டகச்சிவிங்கிகள். (தமிழில் இந்தப் பெயர் ஒட்டகத்தையும் சிவிங்கியையும் ஒட்டிச் செய்தது. அந்தச் சிவிங்கி எங்கள் பக்கத்து மிருகமாகத்தான் இருந்தது. 1952இல் இந்தியா அது அற்றுப்போனதாக அறிவித்தது. 2022இல் நமீபியாவிலிருந்து சில சிவிங்கிகளைக் குனோவுக்குக் கொண்டுவந்தார்கள்.)

"இது யாருடைய நிலம்?" என்று கேட்டேன். "இந்தத் துண்டு என் மாமனாருடையது. அந்த மரத்துக்கு அப்பால் வேறொருவருடையது" என்றார். நான் அதுவரை பார்த்த எந்த வனவிலங்குப் படத்திலும் ஒட்டகச்சிவிங்கியின் காலடியில் இருக்கும் நிலத்துக்கு உறுதி எழுதி வைத்திருக்கும் ஒரு மாமனார் வந்ததில்லை.

இந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். 1904இல் பிரிட்டிஷ் ஆட்சி மாசாய்த் தலைவர்களோடு ஒப்பந்தம் செய்து அவர்களை இரண்டு ஒதுக்கு நிலங்களுக்குள் தள்ளியது. வடக்கே லைக்கிப்பியா உங்களுக்கே என்றார்கள். 1911இல் இன்னொரு ஒப்பந்தம்: லைக்கிப்பியாவும் வெள்ளையருக்கு வேண்டும், நீங்கள் மாடுகளோடு தெற்கே நடவுங்கள். மாசாய் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1913இல் நீதிமன்றம் சொன்ன விளக்கம் விசித்திரமானது. மாசாய் ஓர் அந்நிய நாட்டார்; அவர்களோடு செய்தது இரு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை; ஆகவே இந்த நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது. நிலம் பறிக்கப்படும் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் அவர்களைத் தனி நாடாக ஏற்றுக்கொண்டார்கள். 1959இல் எல்லைக்கு அப்பால் செரெங்கெட்டி தேசியப் பூங்காவிலிருந்தும் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இது பழங்கதையும் அல்ல. 2022 ஜூனில் தான்சானியாவின் லோலியொண்டோவில் 1500 சதுர கிலோமீற்றர் மேய்ச்சல் நிலத்துக்கு எல்லைக்கல் நடப்போன இடத்தில் மோதலும் துப்பாக்கிச் சூடும் நடந்தன.

கென்யாவில் கதை வேறு வழியில் போனது. 1968இன் சட்டத்தின்படி மேய்ச்சல் நிலங்கள் 'குழுப் பண்ணை' என்ற பெயரில் கூட்டு உடைமையாயின. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து மாராவைச் சுற்றிய குழுப் பண்ணைகளைப் பங்கு பிரித்தார்கள். ரிசர்வை ஒட்டிய கொயாக்கியில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சுமார் 150 ஏக்கர். கையில் உறுதி வந்ததும் மூன்று வழிகள் திறந்தன: கோதுமை விதைக்கக் குத்தகைக்குக் கொடுக்கலாம், வேலி போடலாம், விற்கலாம். மூன்றில் எதைச் செய்தாலும் வில்டபீஸ்டுக்கு வழி அடைபடும். வடகிழக்கே லொய்ட்டா சமவெளியிலிருந்து மாராவுக்கு வந்துபோன உள்ளூர் மந்தைகள் பெருமளவு அழிந்துபோனது இப்படித்தான். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1977க்கும் 2016க்கும் இடையில் கென்யாவின் மேய்ச்சல் நிலங்களில் வனவிலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்தன என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வேட்டை தடைசெய்யப்பட்ட அதே ஆண்டிலிருந்து தொடங்கும் கணக்கு இது என்பதைக் கவனியுங்கள். அந்த நாட்டு விலங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பூங்காக்களுக்கு வெளியே, யாரோ ஒருவருடைய நிலத்தில் நிற்கின்றன. பூங்காவை எவ்வளவு இறுக்கிக் காவல் காத்தாலும் அவற்றுக்கு உதவாது.

இந்த இடத்தில்தான் 'கன்சர்வன்சி' வருகிறது. சொல் பெரிதாக இருந்தாலும் விடயம் எளிது: இது ஒரு குத்தகை. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் சில நூறு பேர் சேர்ந்து தங்கள் துண்டுகளை ஒன்றாக வைக்கிறார்கள். வேலி போடுவதில்லை, உழுவதில்லை, அங்கே குடியிருப்பதில்லை என்று கையெழுத்திடுகிறார்கள். உல்லாசப் பயண முகாம்கள் ஏக்கர் கணக்கில் மாத வாடகையை அவரவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புகின்றன. பயணி வந்தாலும் வராவிட்டாலும் வாடகை வரவேண்டும் என்பது நியதி. முன்பு ரிசர்வின் வாசற் கட்டணத்தில் ஒரு பங்கு சுற்றுக் கிராமங்களுக்கு என்று விதி இருந்தது. அது வழியில் பெரிய மனிதர்களின் கைகளில் கரைந்துபோனது. வாடகை நேரே கணக்கில் விழுவதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி என்று எனக்குப் படுகிறது. ஒல் கின்யெய் 2005, ஒலாரே ஒரொக் 2006, மாரா நோர்த் 2009, நபோய்ஷோ 2010 என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கின. 2013இன் வனவிலங்குச் சட்டம் இவற்றுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. இன்று மாராவின் கன்சர்வன்சிகளைக் கூட்டினால் ரிசர்வின் பரப்புக்கு ஏறத்தாழ ஈடாகும்.

பயணிக்கு இதில் என்ன வித்தியாசம்? கூட்டம் இல்லை. ஒலாரே மொட்டரொகியில் எழுநூறு ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்பது விதி. அங்கே தங்குபவர்களின் வாகனங்கள் மட்டுமே உள்ளே வரலாம். ரிசர்வில் அனுமதியில்லாத இரவுச் சவாரியும் நடைப் பயணமும் இங்கே உண்டு. ஒரு பெண் சிங்கத்தையும் நான்கு குட்டிகளையும் நாங்கள் தனியாக ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். வாகன எஞ்சினை நிறுத்தியபோது குட்டிகள் பால் குடிக்கும் சத்தம் கேட்டது. ஆற்றங்கரையை மறந்துவிட்டேன், இதை மறக்கவில்லை.

புல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். மாட்டை விரட்டினால்தான் மான் வாழும் என்று பழைய பூங்கா அதிகாரிகள் நினைத்தார்கள். உண்மை சிக்கலானது. மாடு முறை வைத்து மேய்ந்த இடத்தில் புல் குட்டையாக, இளசாக வளர்கிறது. மான்களுக்கு அது பிடிக்கும். குட்டைப் புல்லில் பதுங்கி வரும் சிங்கத்தையும் கண்டுகொள்ளலாம். மாசாய் மக்கள் இரவில் மாடுகளை அடைக்கும் முள்வேலி வளைவைச் சுவாஹிலியில் 'போமா' என்கிறார்கள். வன்னியில் நாங்கள் 'பட்டி' என்போமே, அதேதான். போமாவை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுப் போனால், சாணம் மண்டிய அந்த வட்டத்தில் பல பத்தாண்டுகளுக்குச் சத்தான புல் முளைக்கிறது. வரிக்குதிரைகளும் மான்களும் அங்கேதான் கூடுகின்றன. இயற்கை என்று நாம் படம் பிடித்த அந்தப் பசும் வட்டம் யாரோ ஒருவருடைய தாத்தாவின் பட்டி.

குறைகள் உண்டு, அவற்றை வழிகாட்டியே சொன்னார். உறுதிகள் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கின்றன, வாடகையும் அவர்களுக்கே. பங்கு பிரித்தபோது பெயர் விடுபட்டவனுக்கும் பின்னால் பிறந்தவனுக்கும் ஒன்றுமில்லை, ஆனால் அவர்களுக்கும் மாடு இருக்கிறது. அவர்கள் இரவில் திருட்டுத்தனமாக மேய்த்து, பிடிபட்டுத் தண்டம் கட்டுகிறார்கள். 2020இல் கொரோனா வந்து முகாம்கள் பூட்டியபோது 'வராவிட்டாலும் வாடகை' என்ற நியதி ஆட்டம் கண்டது. பலர் குறைத்த வாடகைக்குச் சம்மதிக்க வேண்டியதாயிற்று. எங்கோ ஊகானில் தொடங்கிய காய்ச்சல் மாரா மந்தைக்காரரின் அடுப்பைத் தொட்டது.

மாராவுக்கு முன்பே நாங்கள் மூன்று நாட்கள் லைக்கிப்பியாவில் தங்கியிருந்தோம். மாசாய்கள் 1911இல் இழந்த அதே லைக்கிப்பியா. இன்று அங்கே பெரிய தனியார் பண்ணைகள் காப்பகங்களாக மாறியிருக்கின்றன. முன்னாள் மாட்டுப் பண்ணையான ஒல் பெஜெட்டாவில் உலகின் கடைசி இரண்டு வட வெள்ளைக் காண்டாமிருகங்களைப் பார்த்தோம். நாஜின், ஃபாட்டு: தாயும் மகளும். கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் இறந்தது. ஆயுதக் காவலர் நிற்க, இரண்டும் மாட்டைப்போல வைக்கோல் மென்றுகொண்டிருந்தன. மகன் ஒரு படமும் எடுக்கவில்லை. அதே வட்டாரத்தில் இல் ங்வேசி என்ற இடத்தில் 1996 முதல் மந்தைக்காரர்களே கூட்டாக ஒரு விடுதி நடத்துகிறார்கள். அங்கே நிலம் பங்கு போடப்படவில்லை. ஆனால் வடக்கில் எல்லாம் இப்படி இணக்கமாக நடந்ததாகச் சொல்ல முடியாது. கலந்தாலோசிக்காமல் எங்கள் நிலத்தில் கன்சர்வன்சி அமைத்தார்கள் என்று இசியோலோவில் வழக்குப் போனது. 2025 ஜனவரியில் நீதிமன்றம் வழக்காடிய மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

மாராவில் கடைசி நாள், வழிகாட்டி தன் தகப்பனாரின் வீட்டுக்கு அழைத்துப் போனார். கிழவர் இரண்டு மாதத்துக்கு முன் சிங்கத்துக்கு ஒன்பது ஆடு கொடுத்திருந்தார். எனக்கு எங்கள் வாழைத் தோட்டம் ஞாபகம் வந்தது. யானை வரும் மாதங்களில் அப்பா இரவெல்லாம் பரணில் வெடியோடு இருப்பார். ஒருமுறை கண்ணயர்ந்துவிட்டார், விடிந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட குட்டிகள் சரிந்து கிடந்தன. நட்ட ஈட்டுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தார். கிடைக்கவில்லை. யானையைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் காசு கொடுத்துப் போகிறார்கள் என்று யாரோ சொன்னபோது அப்பா நம்பவில்லை. இதைக் கிழவருக்குச் சொன்னேன், மகன் மொழிபெயர்த்தார். கிழவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவர்கள் அந்தக் காசை உன் தகப்பனுக்குக் கொடுத்தார்களா?"

வீட்டுக்குப் பின்னால் வேலிக் கட்டைகள் அடுக்கி வைத்திருந்தது கண்ணில் பட்டது. குத்தகை முடியும் தறுவாயில் இருக்கிறதாம். புதுப்பிக்க வேண்டும் என்கிறார் வழிகாட்டி. சுற்றி வேலியடித்துப் பாற்பசு வளர்க்கலாம் என்கிறார் தம்பி. கட்டைகளை வாங்கியது தம்பி. பக்கத்துப் பர்டமட்டில் அடித்த வேலிகளையே கழற்றி வழி திறக்கிறார்கள், நாம் ஏன் அடிக்கவேண்டும் என்று அண்ணன் வாதாடியிருக்கிறார். நிலம் கிழவர் பெயரில் இருக்கிறது. கிழவரிடம் கேட்டேன். இந்த வருடத்து வாடகை எவ்வளவு என்று முதலில் சொல்லட்டும், பார்க்கலாம் என்றார். பிறகு எங்களுக்குப் பால் தேநீர் வந்தது. கட்டைகளின் மேல் ஆட்டுக்குட்டிகள் ஏறி விளையாடிக்கொண்டிருந்தன.