தைத்த அண்ணமும் தவறிய பல்வரிசையும்

பிறவியிலேயே மெல்லண்ணம் பிளந்திருந்த ஜான் ஸ்டீபன்சன் என்ற கனடா தேசத்து வைத்திய மாணவர், 1819ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில், மயக்க மருந்தின் உபயோகம் ரண சிகிச்சைக்கு வந்து சேராத அக்காலத்தில், பிலிபேர் ரூ என்ற ரண வைத்தியரின் தையல் ஊசிக்கு நினைவோடு வாயைத் திறந்து கொடுத்தார். பொன் தகட்டையோ வெள்ளித் தகட்டையோ வைத்துத் துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்த ஐரோப்பியருக்கு இது பெரும் விந்தை. பின்னர் 1861இல் லாங்கன்பெக் என்ற ஜெர்மானியர், கடின அண்ணத்தின் சவ்வை எலும்போடு ஒட்டிய படலத்துடன் பெயர்த்தெடுத்து நடுவே இழுத்துத் தைக்கும் முறையை வெளியிட்டதும், பிளந்த அண்ணத்தை முழுவதும் மூடுவது பல வைத்தியர்களுக்கும் சாத்தியமாயிற்று.

துவாரம் மூடியதா, பேச்சு தெளிந்ததா என்ற இரண்டையே ரண வைத்தியர்கள் வெகுகாலம் கவனித்தார்கள். பல் வைத்தியரிடம் வந்த சிறுவனின் வாயிலோ வேறொரு சங்கதி தெரிந்தது: மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசைக்கு உள்ளே ஒதுங்கியிருக்கும், பிளவின் ஓரத்து முன்பல் திருகி நிற்கும், அதற்கடுத்த பல் முளைக்காமலே போயிருக்கும், அல்லது ஆப்புப் போலச் சிறுத்து நிற்கும். இவற்றுள் பல் முளைக்காமை பிளவோடு வந்த குறையே. ஆனால் மேல்தாடை ஒடுங்கியதற்கு யார் பொறுப்பு? குழந்தைப் பருவத்திலேயே கத்தி வைப்பதுதான் தாடையின் விருத்தியைத் தடுக்கிறது என்று அமெரிக்கப் பல் வைத்தியர் கிரேபர் 1949இல் எழுதினார். அண்ணத்தின் இரு பக்கத்திலும் எலும்பை வெறுமையாக விட்டுத் தைக்கும் வார்டில்-கில்னர் முறையில், அவ்வெறுமை ஆறித் தழும்பாகிச் சுருங்கும்போது பற்களை உள்நோக்கி இழுத்தது என்பதும் பிற்பாடு தெளிவாயிற்று.

இவ்வழக்கைத் தீர்க்க, சிகிச்சையே பெறாமல் வளர்ந்த பெரியவர்கள் வேண்டியிருந்தது. அத்தகையோரை ஐரோப்பாவில் காண்பது அரிது. லண்டன் பல் வைத்தியர் மைக்கேல் மார்ஸ் 1980களில் இலங்கையின் தெற்கிலுள்ள காலி நகருக்குச் சென்று, ரண வைத்தியர்களோடு சேர்ந்து சிகிச்சைக்கு வழிசெய்தபோது, அதுவரை கத்தி படாத முதிர்ந்த ஆண்கள் பலரைக் கண்டு, அவர்களுடைய பற்களின் அச்சுகளையும் எக்ஸ்ரே படங்களையும் சேகரித்தார். 1990இல் ஹூஸ்டனுடன் அவர் வெளியிட்ட ஆய்வு, பிளவு இருந்தும் அவர்களின் மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே முன்வந்து வளர்ந்திருந்ததைக் காட்டியது. கிடைக்காத சிகிச்சையே சாட்சியமாயிற்று என்பதை அந்தத் தீவில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்களோ!

ஆயினும் அண்ணத்தைத் திறந்தே விட்டுவிட எவரும் துணியவில்லை. தாடைக்கு நன்மையான தாமதம் பேச்சுக்குத் தீமை. ஆகவே குழந்தை பேசப் பழகும் பருவத்தையொட்டி அண்ணத்தை மூடிவிட்டு, பற்களைப் பிறகு கவனிக்கும் வழக்கமே பெரும்பாலும் நிலைத்தது. பாய்ன், சாண்ட்ஸ் என்னும் இரு அமெரிக்கர்கள் 1972இல் விவரித்தபடி, கோரைப்பல் இறங்குமுன், இடுப்பெலும்பிலிருந்து சுரண்டிய எலும்புத் துகளை பல்லீறின் எலும்பிலுள்ள பிளவில் இட்டு நிரப்பினால், அந்தப் பல் புதிய எலும்பின் வழியாகத் தானே இறங்கி வருகிறது. அதன்பின் கம்பி கட்டி வரிசையைச் சீராக்கலாம். கம்பிக்கும் அடங்காத தாடையை மட்டும், வளர்ச்சி நின்ற வயதில் வெட்டி முன்னே நகர்த்துகிறார்கள்.