மண்ணெண்ணெய்ப் போத்தலும் மாறிய அரசுகளும்

எரிபொருள் விலை உயரும் ஒவ்வொரு தடவையும் நமது பத்திரிகைகளின் தலைப்புச் செய்தி பெற்றோலைப் பற்றியதாகவே இருக்கும். நள்ளிரவு முதல் பெற்றோல் இத்தனை ரூபா என்பது முதல் வரி. டீசல் இரண்டாம் வரி. மண்ணெண்ணெய் கடைசி வரி. பக்கத்தில் இடம் போதாவிட்டால் வெட்டப்படுவதும் அந்தக் கடைசி வரிதான். செய்தி மேசையில் இருந்து பல தடவைகள் அதனை வெட்டியவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். இலங்கையின் எண்ணெய் அரசியலைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், வெட்டுப்பட்ட அந்த வரிக்குள்ளேயே பெரும்பாலான சனங்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது புலப்படும்.

சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் ஆண்டுகளில் ஆட்சியாளர்களை அச்சுறுத்திய விலை அரிசியின் விலையே. 25 சதமாக இருந்த பங்கீட்டு அரிசி 70 சதமாக உயர்ந்தமையால் 1953 ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். எண்ணெய் அப்போது அரசியல்வாதிகளின் அகராதியில் இல்லை. ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய மூன்று அந்நிய நிறுவனங்களே அதனை இறக்கி, சேமித்து, விற்று வந்தன.

எண்ணெயை அரசியலுக்குள் இழுத்து வந்தவர் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசில் வர்த்தக அமைச்சராக இருந்த ரி. பி. இலங்கரத்ன. மேற்படி நிறுவனங்கள் தமது தாய் நிறுவனங்களிடமிருந்தே அதிக விலைக்கு எண்ணெய் வாங்குகின்றன, சோவியத் ஒன்றியத்திடம் அதனை மலிவாகப் பெறலாம், அந்நியச் செலாவணி மிஞ்சும் என்பது அவரது வாதம். 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு நிறுவனங்களின் சொத்துகளில் ஒரு பகுதி சுவீகரிக்கப்பட்டது. நட்டஈடு பற்றிய இழுபறி நீடிக்கவே, 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா தனது உதவியை நிறுத்தியது. அமெரிக்க உடைமைகளைப் பறிக்கும் நாடுகளுக்கு உதவி இல்லை என்று கூறும் ஹிக்கன்லூப்பர் திருத்தம் முதன்முதலில் பாய்ந்தது இச்சிறு தீவின் மீதுதான். அரசு அசையவில்லை. 1964 இல் எண்ணெய் வணிகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. வல்லரசைப் பகைத்தும் தப்பிய அந்த அரசு, அதே ஆண்டு டிசெம்பரில் ஒரு பத்திரிகை நிறுவனத்தைக் கையகப்படுத்த முனைந்தபோது ஒரேயொரு வாக்கினால் தோற்றது. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் இதனைச் சற்றுப் பெருமையுடன் சொல்வதுண்டு.

அன்றைய இலங்கையில் மின்சாரம் நகரங்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் உரியது. கிராமத்து வீட்டிலும் மலையகத்து லயன் காம்பறாவிலும் இரவு என்பது குப்பி விளக்கு அல்லது அரிக்கன் லாந்தர். சங்கக் கடையில் கூப்பனுக்கு அரிசி வாங்கப் போகிறவர் மறு கையில் கழுத்தில் கயிறு கட்டிய போத்தல் ஒன்றையும் கொண்டு போவார். விளக்கின் திரியை எவ்வளவு ஏற்றலாம், பிள்ளைகள் எத்தனை மணி வரை படிக்கலாம் என்பதை அந்தப் போத்தலே தீர்மானித்தது. எண்ணெய் அரசுடைமையானதும் இந்தப் போத்தலின் விலையும் அரசின் பொறுப்பாகிவிட்டது. அதுவரை நிறுவனக்காரனைத் திட்டியவர்கள் இனி அமைச்சரைத் திட்டலாம். இலங்கரத்ன தமக்குப் பின் வந்த எல்லா அரசுகளுக்கும் விட்டுச்சென்ற சொத்தும் சுமையும் இதுவே.

சுமையின் பாரம் 1973 ஒக்டோபரில் தெரிந்தது. அரபு - இஸ்ரேல் யுத்தத்தை அடுத்து அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை அறிவித்தன. பீப்பாய் ஒன்று சுமார் 3 டொலராக இருந்த மசகெண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டொலரை எட்டியது. சப்புகஸ்கந்தயில் சுத்திகரிப்பு நிலையம் 1969 இலேயே அமைந்துவிட்ட போதிலும், சுத்திகரிக்க வேண்டிய எண்ணெய் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. எண்ணெயோடு பசளையின் விலையும், உலகச் சந்தையில் தானியங்களின் விலையும் ஏறின. அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. பாணுக்கு விடியற்காலையில் வரிசை நின்றது. அந்தக் காலத்துச் சிங்கள, தமிழ்த் தாய்மார்களிடம் சிறிமாவின் ஆட்சி என்று சொன்னால் இன்றும் நினைவுக்கு வருவது அந்த வரிசைதான்.

யாழ்ப்பாணத்துக்கு இதில் ஒரு தனிக்கதை உண்டு. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை அதே அரசு கட்டுப்படுத்தியமையால் கோண்டாவில், இணுவில், உரும்பிராய் போன்ற செம்மண் கிராமங்களில் காசு புழங்கியது. துலா மிதித்து நீர் இறைத்த காலம் போய், தோட்டத்துக்குத் தோட்டம் நீரிறைக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் இயந்திரம் அது. ஆகவே மிளகாயில் வந்த இலாபத்தின் ஒரு பங்கு மண்ணெண்ணெய்யாக எரிந்து கிணற்றடியில் புகைந்தது. ஆயினும் அந்த விவசாயி கொடுத்து வைத்தவர். விலை ஏறினாலும் விற்பதற்கு அவரிடம் ஏதோ இருந்தது. தெற்கின் கூலித் தொழிலாளியிடமோ தோட்டத் தொழிலாளியிடமோ அது இருக்கவில்லை. 1977 யூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சி 168 ஆசனங்களில் எட்டை மட்டுமே பெற்றது. தோல்விக்குக் காரணங்கள் பலவாயினும் வரிசைகளுக்கு அதில் பெரும் பங்கு இருந்தது.

அடுத்து வந்த ஜே. ஆர். ஜயவர்தன பாடம் படித்தவர். மானியத்தை வெட்ட வேண்டும், ஆனால் கலகம் வரக்கூடாது. 1979 இல் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அதனோடு மண்ணெண்ணெய் முத்திரையும் வந்தது. ஈரானியப் புரட்சியினால் எண்ணெய் விலை மறுபடியும் பாய்ந்துகொண்டிருந்த காலம் அது. முத்திரையில் அச்சிட்ட ரூபா அப்படியே இருக்க, அதற்குக் கிடைத்த எண்ணெய்யின் அளவு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. போத்தல் ஒரே நாளில் வெறுமையானால் மக்கள் வீதிக்கு வருவார்கள், சிறிது சிறிதாகக் குறைந்தால் திரியைத் தாழ்த்திக்கொள்வார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

1990 யூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டதும் வடக்கில் எண்ணெய் என்பது விலை பற்றிய விடயமாக இல்லாமற் போயிற்று. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். மண்ணெண்ணெய்யோ மட்டுப்படுத்தப்பட்ட பங்கீடு. மிகுதி கறுப்புச் சந்தையில் கொழும்பு விலையின் பல மடங்குக்கு. மோட்டார் சைக்கிளும் பழைய மொறிஸ் மைனர் காரும், காபரேற்றருக்குள் விட்ட சில துளி பெற்றோலில் இருமித் தொடங்கி, மண்ணெண்ணெய்யில் புகை கக்கி ஓடின. கிணற்றடி இயந்திரம் கற்றுக்கொடுத்த வித்தைதான் வீதிக்கு வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்ட விளக்கில் பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். காலையில் மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுக்கும். ஓர் அரசு தனது குடிமக்களின் ஒரு பகுதியினரை எவ்வாறு கணிக்கிறது என்பதை அந்தக் கரி போல் எந்த அரசியல் விஞ்ஞான நூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

2008 இல் உலகச் சந்தையில் பீப்பாய் 147 டொலரைத் தொட்டு, ஆண்டு முடிவதற்குள் 40 டொலருக்கும் கீழே விழுந்ததும், விலை ஏறும் என்று பந்தயம் கட்டியது போல் வங்கிகளுடன் ஒப்பந்தம் செய்திருந்த கூட்டுத்தாபனம் மாட்டிக்கொண்டதும், உயர் நீதிமன்றம் பெற்றோல் லீற்றரை 100 ரூபாவுக்கு விற்குமாறு பணித்ததும், அரசு அதனை நிறைவேற்றாததும் பலருக்கு நினைவிருக்கும். வழக்கின் மையமும் பெற்றோலே.

2012 பெப்ரவரியில் வந்த உயர்வைத்தான் நுணுகிப் பார்க்க வேண்டும். பெற்றோல் 12 ரூபாவால் கூடி 149 ரூபா. டீசல் 31 ரூபாவால் கூடி 115 ரூபா. மண்ணெண்ணெய் 35 ரூபாவால் கூடி 106 ரூபா. காரில் போகிறவருக்கு நூற்றுக்கு ஒன்பது வீத உயர்வு. விளக்குக்கும் வள்ளத்துக்கும் எண்ணெய் வாங்குகிறவருக்கு ஏறக்குறைய ஐம்பது வீதம். சிறு வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெய்யில் ஓடுபவை. வலையில் மீன் படுமோ படாதோ, எண்ணெய்ச் செலவு கரையிலேயே முடிந்துவிடும். சிலாபத்தில் மீனவர்கள் வீதிக்கு இறங்கினர். பெப்ரவரி 15 ஆம் திகதி துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். அதன் பின்னரே மானியம் பற்றிய பேச்சு மும்முரமாயிற்று. போரில் வென்ற அரசு, மக்கள் செல்வாக்கின் உச்சியில் இருந்த காலம் அது. வடக்கின் தமிழன் அல்லாத ஒருவன், மேற்குக் கரையின் கத்தோலிக்க மீனவன், எண்ணெய் விலைக்காகச் செத்தான்.

பத்தாண்டுகளின் பின் நடந்ததை எல்லோரும் அறிவர். டொலர் இல்லை. 2021 நவம்பரில் சப்புகஸ்கந்த மூடப்பட்டது. அந்த ஆண்டு முடிவில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 யூனில் 470 ரூபா ஆயிற்று. மார்ச்சில் எண்ணெய் வரிசையில் நின்ற முதியவர்கள் விழுந்து இறந்தனர். ஏப்ரல் 19 ஆம் திகதி ரம்புக்கனையில் விலையுயர்வை எதிர்த்தவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் மாண்டார். எரிபொருள் விற்பனையே ஏறத்தாழ நிறுத்தப்பட்டிருந்த யூலை 9 ஆம் திகதி, மக்கள் ரயிலிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் கொழும்புக்கு வந்து ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். எண்ணெய் இல்லாமையே ஆட்சியைக் காப்பாற்றும் என்று யாரேனும் எண்ணியிருந்தால் அந்தக் கணக்குப் பிழைத்தது. கோட்டாபய ராஜபக்ஷ 14 ஆம் திகதி பதவி விலகினார்.

இந்தக் காலம் முழுவதும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா என்றே இருந்தது, கிடைத்தால். சமையல் வாயு கிடைக்காத நகரத்தாரும் மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாற, வெற்றுக் கேன்களின் வரிசை நீண்டது; வடக்குக் கரையில் வள்ளங்கள் மணலில் கிடந்தன. புதிய ஆட்சி வந்தது. பெற்றோல் 20 ரூபாவால் குறைந்தது. அது பெரிய எழுத்தில் வந்தது. அடுத்த மாதம், ஓகஸ்ட் 21 ஆம் திகதி, மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஏறக்குறைய நான்கு மடங்கு. போராட்டக் களம் அப்போது கலைக்கப்பட்டிருந்தது. நான் பணியாற்றிய பத்திரிகையில் அச்செய்தி உட்பக்கத்தில் வெளியாயிற்று.