கடும்பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீர்த் தேடல்: மின்தடை ஆய்வின் பயனும் எல்லையும்

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கருங்கல், நைஸ், சார்னோக்கைட் ஆகிய கடும்பாறைகளால் ஆனது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ள இப்பாறைகளில் நீரைத் தேக்கும் நுண்துளைகள் மிகக் குறைவாதலால், மழைநீர் மேற்பரப்பை ஒட்டிய சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. ஒரு தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு நீர் தர, வரப்புக்கு அப்பால் போடப்படும் மற்றொன்றில் புழுதி மட்டும் பறப்பதற்குக் காரணம் இதுவே. ஊராட்சியின் சிறிய நிதியில் போடப்படும் கிணறு பொய்த்தால் ஒரு கோடைக்காலக் குடிநீரே கேள்விக்குறியாகும் நிலையில், இடத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் மின்தடை ஆய்வு எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல இயலாது என்பதைத் தெளிவாக வரையறுப்பது இன்றியமையாதது.

இந்த ஆய்வில் நான்கு உலோகக் கம்பிகள் ஒரே நேர்கோட்டில் நிலத்தில் அறையப்படுகின்றன. வெளிப்புறக் கம்பிகள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உட்புறக் கம்பிகளுக்கிடையே எழும் மின்னழுத்த வேறுபாட்டை அளந்தால், அடியிலுள்ள மண்ணும் பாறையும் மின்னோட்டத்தை எதிர்க்கும் திறன், அதாவது தடைத்திறன், ஓம்-மீட்டர் அலகில் கிடைக்கிறது. வெளிப்புறக் கம்பிகளை விலக்கிக்கொண்டே போகப்போக மின்னோட்டம் மேலும் ஆழத்துக்குள் பரவுவதால், அளவீடுகளை வரைபடமாக்கி அடுக்குகளை ஊகிக்கலாம். பிரான்சின் கோன்ராட் ஷ்லம்பர்ஜர் 1912-இல் தொடங்கிய சோதனைகளிலிருந்து வளர்ந்த இம்முறை கோட்பாட்டளவில் எளியது. களத்தில் அவ்வளவு எளியதன்று. கோடையில் காய்ந்த செம்மண்ணில் மின்னோட்டம் இறங்காது என்பதால் ஒவ்வொரு கம்பியின் அடியிலும் உப்புநீர் ஊற்ற வேண்டும். மையத்திலிருந்து இருபுறமும் 100 மீட்டர் வீதம் தடையற்ற நேர்கோடு வேண்டும். இடையே ஓர் இரும்புக் குழாயோ கம்பி வேலியோ இருப்பின் மின்னோட்டம் அதன் வழியே ஓடி அளவீட்டையே பொய்யாக்கிவிடும்.

இவ்வளவு கவனத்துடன் செய்தாலும் கருவி அளப்பது தடைத்திறனையே. நீர் என்பது அதிலிருந்து பெறப்படும் ஊகம். சிதையாத கருங்கல்லின் தடைத்திறன் பொதுவாக 1000 ஓம்-மீட்டரைத் தாண்டும். நீர் நிறைந்த சிதைந்த பாறையில் அது சில பத்துகளாகக் குறையும். ஆனால் நீரை விட்டுக்கொடுக்காத களிமண்ணும் அதே போலக் குறைந்த மதிப்பையே காட்டும். நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் மிகக் குறைந்த மதிப்பு பெரும்பாலும் உவர்நீரின் அறிகுறியாகும். இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. மேலும் கீழும் உயர்ந்த தடைத்திறன் கொண்ட அடுக்குகளுக்கிடையே, 20 ஓம்-மீட்டர் தடைத்திறனும் 10 மீட்டர் தடிப்பும் கொண்ட அடுக்கும், 40 ஓம்-மீட்டர் தடைத்திறனும் 20 மீட்டர் தடிப்பும் கொண்ட அடுக்கும் ஏறத்தாழ ஒரே வரைகோட்டைத் தரக்கூடும். தடிப்பைத் தடைத்திறனால் வகுத்த மதிப்பு இரண்டிலும் ஒன்றே என்பதே காரணம். முன்னது களிமண் மிகுந்து நீர் சுரக்காததாகவும், பின்னது ஓர் ஊருக்கே நீர் தரக்கூடியதாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய வரைகோடு மட்டும் போதாது. அருகிலுள்ள கிணற்றின் மண்ணடுக்குப் பதிவு கட்டாயம் தேவை.

ஆழம் கூடக்கூட நுட்பம் குறைவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 80 மீட்டர் ஆழத்தில் உள்ள அரை மீட்டர் வெடிப்பு, நிலமட்டத்தில் எடுக்கும் அளவீட்டில் தடம் பதிப்பதேயில்லை எனலாம். ஆகவே ஒரே புள்ளியில் எடுத்த அளவீட்டைக் கொண்டு, இத்தனை அடியில் இத்தனை அங்குலத் தண்ணீர் என்று எழுதித் தரும் அறிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை. ஃபுளூரைடு மிகுதியால் நெடுங்காலமாக அவதியுறும் தருமபுரிப் பகுதியில், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் உச்ச வரம்பை நீர் மீறுகிறதா என்பதையும் இக்கருவி சொல்லாது.

எனினும் முறையைக் கைவிட இவை காரணமாகா. சிதைவடுக்கு எங்கே தடித்துள்ளது, பாறை எங்கே மேலெழும்பியுள்ளது என்பதை இது நன்றாகக் காட்டுவதால், பயனற்ற இடங்களை முன்கூட்டியே ஒதுக்குவதில்தான் இதன் முதன்மையான வலிமை உள்ளது. செயற்கைக்கோள் படங்களில் தென்படும் நீண்ட பிளவுக்கோடுகளுக்குக் குறுக்கே பல பத்துக் கம்பிகளை வரிசையாக நட்டு, கணினியின் உதவியால் நிலத்தின் குறுக்குவெட்டையே வரையும் இருபரிமாண ஆய்வு, ஒற்றைப் புள்ளி ஆய்வைவிடக் கடும்பாறைக்கு ஏற்றது.

ஆய்வு செய்த இடங்களில் பெரும்பாலும் நீர் கிடைக்கிறதே என்று வாதிடுவோர் உண்டு. பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதியில் ஆய்வின்றிப் போட்டாலும் கிணறு வெற்றிபெறக்கூடும் என்பதால், பொய்த்த கிணறுகளின் பதிவும் உடன் இருந்தாலன்றி அவ்வாதத்தை எடைபோட இயலாது; அப்பதிவுகளோ பெரும்பாலும் துளையிடும் லாரியோடு ஊரைவிட்டுப் போய்விடுகின்றன. ஆகவே ஒவ்வோர் ஊராட்சியும் ஆய்வு வரைகோட்டின் படியைக் கேட்டுப் பெற்று, வெற்றி தோல்வி பாராமல் ஒவ்வொரு துளையின் அடுக்கு விவரத்தையும் நீர் வந்த ஆழத்தையும் அதனுடன் சேர்த்து ஊராட்சி அலுவலகத்தில் எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.