கல்வராயன் சேவலும் கலிபோர்னியாத் தூண்டிலும்

கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ டிரவுட் மீனைத்தான் அமெரிக்க மேற்குக் கரையில் ஸ்டீல்ஹெட் என்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்ட டிரவுட்டும் இதே இனந்தான். இதைப் பிடிக்க அங்கே புழு கோக்காமல், கொக்கியில் இறகையும் மயிரையும் நூலால் கட்டிச் செய்யும் 'ஈ'யை வீசுகிறவர்கள் உண்டு. 1930-களில் புழக்கத்துக்கு வந்த கோல்டன் டீமன் அப்படி ஒன்று. கொக்கித் தண்டில் தங்க ஜரிகை சுற்றி, தொண்டைக்கு ஆரஞ்சு இறகு வைத்து, மேலே பழுப்பு மான்மயிரைச் சிறகாகக் கட்டுவார்கள். கடைசியாக இரு கன்னங்களிலும் மஞ்சள் புள்ளியுள்ள சின்ன இறகு ஒவ்வொன்று. அந்த இறகுதான் ஈயின் கண். அதைத் தரும் பறவை சாம்பல் காட்டுக்கோழி. தீபகற்ப இந்தியாவைத் தவிர வேறெங்கும் அது காட்டில் இல்லை. கோமுகி ஆறு பிறக்கும் கல்வராயன் மலையும் அதன் வாழிடங்களில் ஒன்று.

அந்த இறகைக் கையில் எடுத்துப் பார்த்தால் தேவை ஏன் என்று புரியும். சேவலின் கழுத்திறகில் நடுத்தண்டு நுனியில் விரிந்து, மெழுகு பூசியதுபோலப் பளபளக்கும் தகடாக மாறியிருக்கிறது. அது நகத்தைப் போல வழவழப்பானது, நனைந்தாலும் நிறம் மங்காது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஸ்காட்லாந்தின் சால்மன் தூண்டில்காரர்கள் 'ஜாக் ஸ்காட்' என்ற ஈயில் இதைக் கட்டினார்கள். பறவையின் அறிவியல் பெயரில் இருப்பவர் புதுச்சேரியில் பிரெஞ்சு அரசுப் பணியில் இருந்த பியர் சொன்னரா. நம் வீட்டுக் கோழியின் மூதாதை இதுவே என்று அவர் நினைத்தார். அது முழு உண்மை இல்லை. ஆனாலும் வீட்டுக் கோழிகள் பலவற்றின் மஞ்சள் தோலுக்கான மரபணு இதிலிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரே ஈயைக் கட்டும் முறைகள் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறுவதைக் கட்டுபவரின் ரசனை என்று சொல்லிவிடுகிறார்கள். கண் விஷயத்தில் ரசனையைவிடச் சட்டமும் சந்தையுமே அதிகம் தீர்மானித்தன என்பது என் கட்சி. 1902-இல் இந்திய அரசு பறவைத் தோல், இறகு ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. தீக்கோழி இறகுக்கும் அறிவியல் மாதிரிகளுக்கும் மட்டும் விலக்கு. 1913-இல் அமெரிக்காவும் 1921-இல் பிரிட்டனும் காட்டுப் பறவை இறகின் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் இயற்றின. கணக்குப்படி பார்த்தால் அதற்குப் பிறகு பிறந்த ஸ்டீல்ஹெட் ஈக்களில் காட்டுக்கோழி இறகு இருக்கவே கூடாது. ஆனால் கோல்டன் டீமன் செய்முறை அதைச் சாதாரணமாகக் கேட்கிறது! 1952-இல் அமெரிக்கா தன் தீர்வைச் சட்டத்தைத் திருத்தி, தூண்டில் ஈக்கள் செய்வதற்கென்றே ஆண்டுக்கு 5,000 சாம்பல் காட்டுக்கோழித் தோல்கள் வரை இறக்குமதி செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. விற்கிற துறைமுகத்தில் தடை, வாங்குகிற துறைமுகத்தில் அனுமதிச் சீட்டு. சரக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதை மறுப்பவர்கள் இரண்டு சொல்வார்கள். இறகு வணிகத்தை நடத்தியது பெண்களின் தொப்பி மோகந்தான், தூண்டில்காரர்கள் வாங்கியது சொற்பம் என்பது ஒன்று. மொத்தத்தில் அது சரி, கொக்குகளைக் கொன்று குவித்தது தொப்பிதான். ஆனால் தொப்பி மோகம் முதல் உலகப் போரை ஒட்டி வடிந்தது, தூண்டில்காரரின் மரபு வடியவில்லை. ஈயின் செய்முறை எழுதிவைக்கப்பட்டுத் தலைமுறை தாண்டுகிறது. இன்ன பறவை, இன்ன இறகு என்று அச்சில் நிற்கும்வரை அதற்கு ஆள் தேடிக்கொண்டே இருப்பான். மற்றது, கண் இல்லாத ஈயையும் மீன் கவ்வுகிறதே என்பது. கவ்வத்தான் செய்கிறது. இறகுத் தட்டுப்பாட்டில் சாதா இறகில் அரக்குப் புள்ளி வைத்தார்கள், பிளாஸ்டிக் கண் ஒட்டினார்கள், சிலர் கண்ணையே விட்டுவிட்டார்கள். மீன் கவலைப்படவில்லை. அப்படியானால் 5,000 தோல் எதற்கு என்ற கேள்வி மீனைப் பற்றியதல்ல, மனிதனைப் பற்றியது.

பறவை இன்னும் அழிவின் விளிம்புக்குப் போகவில்லை, உலகப் பட்டியலில் அது கவலைக்குரியதாக இல்லை. அதைக் காட்டித் தீங்கு ஒன்றும் நேரவில்லை என்பவருக்குச் சொல்ல வேண்டியது, அது பிழைத்தது புதரும் மூங்கிலும் மிச்சமிருந்ததால் என்பதே. கொக்கிச் சந்தை அடங்கியதற்கும் கருணை காரணமல்ல. இங்கிலாந்தில் இந்தக் கோழியைக் கூண்டில் வளர்க்கக் கற்றார்கள், இன்று கடைகளில் கிடைக்கும் கழுத்திறகு பண்ணையிலிருந்து வருவது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் இங்கே அந்த வணிகத்தை மூடிவிட்டது. அது நியாயமான சட்டந்தான். உதிர்ந்த மயில் தோகைக்கு உள்நாட்டு வணிகத்தில் விலக்கு உண்டு, காட்டுக்கோழிக்கு அப்படி எதுவும் இல்லை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்தில் பாதையோரம் உதிர்ந்து கிடக்கும் ஒரு கழுத்திறகை எடுத்து விற்றால் அது குற்றம். அதே பறவையின் வழிவந்த சேவல் கழுத்தை இங்கிலாந்துப் பண்ணைக்காரர் ரசீது போட்டு விற்கிறார்.