நீருக்கு வைத்த பெயர்கள்: கொழும்புக் கால்வாய்களின் சட்டக் கதை

1992ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் கொட்டித் தீர்த்த மழையை நேரில் கண்டவர்கள் இலகுவில் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர். மறுநாட் காலை வெள்ளவத்தையிலிருந்து அலுவலகத்துக்குப் புறப்பட்ட நான், சாரத்தை மடித்துக் கட்டி, காற்சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு காலி வீதியில் நடந்தேன். கால்வாய் எங்கே முடிகிறது, வீதி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

அந்த வெள்ளம் வடிந்து சில வாரங்களின் பின்னர், ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் தம் வீட்டு மேசையில் இரண்டு வரைபடங்களை விரித்துக் காட்டினார். பழையதில் ஓரிடம் சதுப்பு என்று குறிக்கப்பட்டிருந்தது. புதியதில் அதே இடம் வெறுமையாக, கட்டடம் எழுப்பக் காத்திருக்கும் காணியாகத் தெரிந்தது. இரண்டுக்கும் இடையில் அங்கே ஒரு கூடை மண் தானும் கொட்டப்படவில்லை என்றார் அவர். மாறியது பெயர் மட்டுமே. மண் பின்னர்தான் வந்தது. கொழும்பின் நீர்நிலைகளைப் பற்றி அதன் பின் நான் எழுதியவை அனைத்துக்கும் அந்த மேசைதான் தொடக்கம்.

கொழும்பு நீரால் காக்கப்பட்ட நகரம். போர்த்துக்கேயர் தமது கோட்டையின் பாதுகாப்புக்காகவே பேரே வாவியை உருவாக்கினர். ஒல்லாந்தர் கால்வாய் வெட்டுவதில் விண்ணர்கள். வடக்கே நீர்கொழும்பு, புத்தளம் வரையும் தெற்கே களுத்துறை நோக்கியும் படகுப் பாதைகளை அமைத்தனர். கறுவாவும் பாக்கும் அவ்வழியே வந்தன. பிரித்தானியர் தம் பங்குக்கு ஹமில்டன் கால்வாயை வெட்டினர். எனினும் புகையிரதமும் தார் வீதியும் வந்ததும் கால்வாயின் மவுசு குறைந்தது. பேரே வாவியின் ஓரங்கள் நிரவப்பட்டன. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 65 ஹெக்டயர் மட்டுமே. ஒரு காலத்தில் அரணாகவும் பாதையாகவும் இருந்த நீர், இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சாக்கடையாகவும் நுளம்புப் பண்ணையாகவும் அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது.

இவ்விடத்தில் கொழும்பின் நீரியலைச் சற்று விளக்குவது அவசியம். களனி கங்கையின் வெள்ளத்தைத் தடுக்க 1924ஆம் ஆண்டு வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆற்றங்கரை நெடுகிலும் அணைக்கட்டுகளும், நகரக் கால்வாய்கள் ஆற்றில் சேருமிடத்தில் வான்கதவுகளும் உள்ளன. ஆறு பெருக்கெடுத்தால் கதவுகளை மூடிவிடுவார்கள். ஆற்று நீர் உள்ளே வராது. ஆனால் நகரத்துக்குள் பெய்யும் மழையும் அவ்வழியே வெளியே போகாது. வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் ஆகிய இடங்களில் கடலுக்குச் செல்லும் ஒடுங்கிய வழிகளால் வெளியேறியது போக, மீதி நீர் எங்காவது தங்க வேண்டும். அது தங்கிய இடங்களே கொலன்னாவை, ஹீன் எல, கோட்டே, பெல்லன்வில ஆகிய சதுப்புகள். கடலும் ஆறும் இடம் கொடுக்கும் வரை மழைநீரைத் தாங்கி நிற்கும் பாத்திரம் அது. இந்த உண்மை பொறியியலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. சட்டத்துக்குத் தெரிந்திருக்கவில்லை.

1947ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் ஆறுகளையும் குளங்களையும் பொது நீரோடைகளையும் பற்றிப் பேசியது. தனியாரின் உறுதிகளில் வயலாக எழுதப்பட்டுக் கிடந்த சதுப்பைப் பற்றிப் பேச அதற்கு வேலை இருக்கவில்லை. அந்தச் சதுப்புக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்தது 1968இல். அப்பெயர் ‘தாழ்நிலம்’. கொழும்பு மாவட்டத் தாழ்நிலப் பிரதேசங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கான சபை அவ்வாண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1982இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. ‘மீட்டல்’ என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கைவிட்டுப் போனதைத்தானே மீட்பார்கள்? கொழும்பின் சதுப்பு என்றைக்கு யாருடைய கையில் உலர்ந்த நிலமாக இருந்து, நீரிடம் பறிபோயிற்று? இந்தக் கேள்வியை அந்நாளில் எந்தப் பத்திரிகையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நாங்களும் அந்தச் சொல்லை அப்படியே அச்சிட்டோம்.

1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. அதே காலத்தில் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் நாடாளுமன்றத்தைக் கோட்டேக்குக் கொண்டுசெல்லத் தீர்மானித்தது. தியவன்னா ஓயாவின் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவே ஜெப்ரி பாவாவின் வடிவமைப்பில் எழுந்த கட்டடம் 1982இல் திறக்கப்பட்டது. அழகிய கட்டடம்தான், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் சட்டமியற்றும் மன்றமே சதுப்பின் மத்தியில் குடியேறிய பின், அயற் சதுப்புகளின் காணி விலை எப்படி ஏறாமலிருக்கும்?

1986இல் வந்த திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகளோடு கால்வாய்க் கரையில் விடவேண்டிய ஒதுக்குக் காணி என்பது நகரவாசிகளின் அன்றாடப் பிரச்சினையாயிற்று. நடைமுறையில், கால்வாயின் மேல்விளிம்பு எவ்வளவு அகலமோ அதற்கேற்பவே ஒதுக்குக் காணியின் அகலமும் கணிக்கப்படுகிறது. சிறு வாய்க்காலுக்குச் சிறிது, பெருங் கால்வாய்க்குப் பெரிது. பார்வைக்கு நியாயமான ஏற்பாடு. ஆயினும் இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. ஒருவர் கல்லும் மண்ணும் போட்டு ஓடையைக் கரையோரமாக நெருக்கினால் அகலம் குறையும். அகலம் குறைந்தால் அது கீழ் வகுப்புக்கு இறங்கும். வகுப்பு இறங்கினால் விடவேண்டிய ஒதுக்கும் சுருங்கும். அடுத்தவர் இன்னும் நெருங்கிக் கட்டலாம். அந்த ஓடை எவ்வளவு நிலத்தின் மழைநீரைச் சுமக்கிறது என்பதை அகலத்தை அளக்கும் நாடா சொல்லாது.

இது ஓடைகளின் கதை. சதுப்பின் கதை இன்னும் சிக்கலானது. ஒரே காணித் துண்டு கமநலச் சட்டத்தின் கீழ் வயல். அங்கே பல ஆண்டுகளாக நெல் விளையாவிட்டாலும், கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதியின்றி அதை நிரவக்கூடாது. கூட்டுத்தாபனத்தின் சட்டத்தில் அதுவே தாழ்நிலம். 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அனுமதியின்றி நிரவுவோர் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் வலுப்பெற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1985இல் கோட்டேயும் 1990இல் பெல்லன்வில - அத்திடியவும் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் சரணாலயங்களாயின. அங்கே அதே சதுப்பு பறவைகளின் வீடு. நகரத் திட்டத்தின் வரைபடத்திலோ அதற்கு வேறொரு நிறம். நான்கு அலுவலகங்கள், நான்கு பெயர்கள். மண் ஏற்றிய லொறி எந்தப் பெயரின் வழியாக நுழையலாம் என்பதைத் தரகர்கள் அதிகாரிகளைவிட நன்கு அறிந்திருந்தனர்.

பெயரில்லாமற் போன சதுப்புக்கு என்ன நேரும் என்பதற்கு மீதொட்டமுல்லை சாட்சி. நகரின் குப்பை ஒரு தாழ்நிலத்தில் மலையாகக் குவிந்து, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், அயல் வீடுகள் மீது சரிந்தது. 32 பேர் மாண்டனர்.

வகைப்படுத்தல் நீரோடு நின்றுவிடவில்லை. கரையில் வாழ்ந்த மனிதரையும் அது வகைப்படுத்தியது. தெமட்டகொடை, கிராண்ட்பாஸ், கிருலப்பனை ஆகிய பகுதிகளில் கால்வாயோரப் பலகை வீடுகளில் வாழ்ந்த சிங்கள, தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் சட்டத்தின் கண்ணில் ‘அனுமதியற்ற குடியிருப்பாளர்’. அவர்களில் பலருக்கு மாநகர சபை நீரும் வாக்காளர் இடாப்பும் இருந்தன. காணி மட்டும் இல்லை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட பின்னர், ஒதுக்குக் காணியை விடுவிக்கும் வேலை வேகம் பெற்றது. பலர் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டனர். அனுமதிப் பத்திரத்துடன் அதே கரையை நெருங்கி நின்ற மாடிக் கட்டடங்களுக்கு இந்த அவசரம் காட்டப்படவில்லை. வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்களுக்கு மொரட்டுவைப் பக்கத்து லுணாவைச் சொல்லலாம். 2000களின் முற்பகுதியில் ஜப்பானியக் கடனுதவியுடன் தொடங்கிய அந்த வடிகால் திட்டத்தில், கரையிலிருந்தோர் ‘திட்டத்தால் பாதிக்கப்பட்டோர்’ என அழைக்கப்பட்டனர். பெயர் மாறியதும் அவர்களோடு உட்கார்ந்து பேசுவது கடமையாயிற்று.

2010 நவம்பரில் மீண்டும் பெருமழை. இம்முறை நாடாளுமன்றத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. சதுப்புக்கு வேறு பெயர் வேண்டும் என்பது அதன் பின்னர்தான் மேலிடத்தில் உறைத்தது என நான் கருதுகிறேன். 2012இல் உலக வங்கி 213 மில்லியன் டொலர் கடன் வழங்கியது. சதுப்புகள் முற்றாக நிரவப்பட்டால் வெள்ளத்தால் ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு, கொழும்புப் பெருநகரின் உற்பத்தியில் சராசரியாக நூற்றுக்கு ஒரு பங்கை எட்டும் என்று அவ்வங்கியின் ஆய்வொன்று கணக்கிட்டது. பறவைகளுக்காக எழுதிய கட்டுரைகள் செய்யாததை இந்த ஒரு வரி செய்தது. 2016இல் ஈரநில முகாமைத்துவ உபாயத் திட்டம் வந்தது. 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது. தாழ்நிலம் ஈரநிலமாயிற்று.

2021இல் பழைய ஒழுங்குவிதிகளுக்குப் பதிலாகப் புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. சிதறிக் கிடந்தவற்றை ஒரே நூலில் கோத்தது பாராட்டத்தக்கதே. ஆனால் வயல் என்ற பெயர் இன்னும் ஒரு திணைக்களத்திடமும், சரணாலயம் என்ற பெயர் இன்னொன்றிடமும், வெள்ள அணை வேறொன்றிடமும்தான் இருக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது களனி கங்கை பெருகி, கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் மக்கள் மறுபடி வீடுகளை விட்டு வெளியேறினர். ஆற்றுக்கும் அணைக்கும் நடுவே கட்டப்பட்ட வீடுகள் எந்த வகுப்பில் அடங்கும் என்பது இந்த நூலில் தேடினால் கிடைக்காது.

அந்தக் கூட்டுத்தாபனம் இப்போது தன் பெயரையும் திருத்திக்கொண்டுள்ளது: இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். ‘மீட்டல்’ போய்விட்டது. ‘காணி’ அப்படியே இருக்கிறது.