ஸ்பீக்கரை சுவரில் மாட்டப் போறீங்களா? டிரில் போடும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

டிவியை சுவரில் மாட்டியாச்சு. அடுத்து ஸ்பீக்கர். ஸ்டாண்டில் வைத்தால் இடம் அடைக்குது, வீடு பெருக்கும்போது இடைஞ்சல், குழந்தைகள் தள்ளிவிடுமோன்னு பயம் வேற. அதனால் பலரும் எடுக்கும் முடிவு, 'டிவிக்கு ரெண்டு பக்கமும் சுவரிலேயே மாட்டிடலாம்' என்பதுதான்.

தாராளமாக மாட்டலாம். ஆனால் ஒரு விஷயம்: ஸ்பீக்கரின் இடம் மாறினால் அதன் சத்தமும் மாறும். சுவரில் மாட்டுவதால் என்ன கிடைக்குது, என்ன போகுது? பார்க்கலாம்.

சுவருக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்பீக்கர் நம்மைப் பார்த்து இருந்தாலும், சத்தம் முன்பக்கம் மட்டும் வருவதில்லை. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. 100 ஹெர்ட்ஸ் அளவுள்ள பேஸ் சத்தத்தில் ஒரு அலையின் நீளமே சுமார் 3.4 மீட்டர். 20 செ.மீ அகலமுள்ள பெட்டியால் இதைத் தடுக்க முடியாது. அலை பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமும் பரவும்.

10,000 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலை நீளமோ வெறும் 3.4 செ.மீ. அது டார்ச் வெளிச்சம் மாதிரி பெரும்பாலும் முன்னால்தான் போகும். அதனால்தான் பின்னால் இருக்கும் சுவர், பேஸ் சத்தத்தை அதிகமாகவும், கூர்மையான சத்தத்தைக் குறைவாகவும் மாற்றுகிறது.

லாபம்: இலவசமாகக் கிடைக்கும் பேஸ்

பின்னால் போன பேஸ் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி, முன்னால் வரும் சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். கணக்குப்படி இதில் 6 டெசிபல் வரை கூடலாம். ஆம்ப்ளிஃபயரின் பவரை நான்கு மடங்காக்கினால் கிடைக்கும் உயர்வு இது! சின்ன ஸ்பீக்கர்கூட சுவரில் மாட்டியதும் 'கும்'முன்னு கேட்பதற்குக் காரணம் இதுதான்.

நஷ்டம் 1: பேச்சு தெளிவாக இருக்காது

சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களில் பலவும், சுவரை விட்டுத் தள்ளி வைப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. பின்பக்கம் போய் வீணாகும் பேஸை ஈடுகட்ட, கம்பெனியே உள்ளே கொஞ்சம் பேஸைக் கூட்டி வைத்திருக்கும். அதை சுவரில் மாட்டினால், கூட்டியதோடு சுவர் கொடுப்பதும் சேர்ந்துகொள்ளும். பாட்டு கனமாகும். ஆண் குரல் குடத்துக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்கும்.

அறையின் மூலையில் மாட்டினால் இன்னும் மோசம். அங்கே ரெண்டு சுவர் சேர்ந்து பேஸைக் கூட்டும்.

நஷ்டம் 2: சில சத்தங்கள் காணாமல் போகும்

சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எப்போதும் உதவி செய்யாது. குறிப்பிட்ட ஒரு ஹெர்ட்ஸில், நேராக வரும் சத்தத்துக்கு எதிராக வந்து அதைக் குறைத்துவிடும். அது எந்த ஹெர்ட்ஸ் என்பதை, ஸ்பீக்கரின் முகப்புக்கும் சுவருக்கும் உள்ள தூரம்தான் முடிவு செய்கிறது.

* 1 மீட்டர் தள்ளி இருந்தால்: சுமார் 86 ஹெர்ட்ஸ்
* 50 செ.மீ: சுமார் 171 ஹெர்ட்ஸ்
* 25 செ.மீ: சுமார் 343 ஹெர்ட்ஸ்
* 10 செ.மீ: சுமார் 857 ஹெர்ட்ஸ்

இதில் கவனிக்க வேண்டியது, பெட்டியின் ஆழமும் இந்தத் தூரத்தில் சேரும் என்பதுதான். 25 செ.மீ ஆழமுள்ள பெட்டியை சுவரோடு ஒட்டியே மாட்டினாலும், 343 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். மனிதக் குரலின் முக்கியமான பகுதி அது. 10 செ.மீ ஆழமுள்ள மெலிதான ஸ்பீக்கரில் அந்தப் பள்ளம் மேலே நகர்ந்துவிடும். அந்த ஹெர்ட்ஸில் பின்பக்கம் போகும் சத்தமே குறைவு என்பதால் பாதிப்பும் குறையும். சுவரில் மாட்டுவதற்கென்றே வரும் ஸ்பீக்கர்கள் மெலிதாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை!

இது புது விஷயமும் இல்லை. அறைச் சுவர்கள் ஸ்பீக்கரின் பேஸை எப்படி மாற்றுகின்றன என்று அமெரிக்காவின் ராய் அலிசன் 1974-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். பிறகு சுவரை ஒட்டி வைப்பதற்கென்றே ஸ்பீக்கர்களை வடிவமைத்தார். பல ரெக்கார்டிங் ஸ்டூடியோக்களில் பெரிய ஸ்பீக்கர்களை சுவருக்குள்ளேயே பதித்து வைப்பதும், பின்பக்கம் சத்தம் போகாமல் இருக்கத்தான்.

நஷ்டம் 3: ஆழம் குறையும், உயரம் தப்பும்

பாடகர் நடுவில், வயலின் கொஞ்சம் பின்னால் என்று பாட்டில் ஓர் ஆழம் தெரியும் இல்லையா? ஸ்பீக்கர் சுவரோடு ஒட்டும்போது அந்த உணர்வு பெரும்பாலும் குறையும்.

இன்னொன்று உயரம். சோபாவில் உட்கார்ந்தால் நம் காது தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். சின்ன வட்டமாக இருக்கும் ட்வீட்டர் அந்த உயரத்தில் இருப்பது நல்லது. கூரைக்குப் பக்கத்தில் மாட்டினால், டிவியில் பேசுகிறவர் ஒரு இடம், குரல் வேறு இடம் என்றாகிவிடும். உயரத்தில்தான் மாட்ட முடியும் என்றால், கீழ்நோக்கிச் சாய்க்கும் பிராக்கெட் வாங்குங்க.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

* ஸ்பீக்கரின் பின்பக்கம் வட்டமாக ஓட்டை இருக்கா? அதுதான் போர்ட். சுவர் அதை அடைத்தால் பேஸ் கெடும். சுவரில் மாட்ட, போர்ட் முன்பக்கம் உள்ளதோ, போர்ட்டே இல்லாததோ நல்லது.
* சுவருக்குப் பக்கத்தில் வைக்கும்போது பேஸைக் குறைக்கும் ஸ்விட்ச் இருக்கா?
* ரிசீவரில் ரூம் கரெக்‌ஷன் வசதி இருக்கா? இது கூடுதல் பேஸை ஓரளவு குறைக்கும். ஆனால் காணாமல் போன சத்தத்தை முழுசாகத் திருப்பித் தராது.

துளை போடும் முன் ஒரு டெஸ்ட்

வாடகை வீடு என்றால் இது ரொம்ப முக்கியம். ஸ்பீக்கரை மாட்டப்போகும் இடத்தில், அதே உயரத்துக்கு ஒரு உறுதியான மேஜையோ ஸ்டூலோ போட்டு, சுவரோடு ஒட்டி வைங்க. செய்தி வாசிப்பவரின் குரலைக் கேளுங்க. பிறகு ஸ்பீக்கரை 50 செ.மீ முன்னால் இழுத்து அதே குரலைக் கேளுங்க. சுவரோடு இருக்கும்போது வார்த்தைகள் கொழகொழன்னு கேட்டால், அந்த ஸ்பீக்கர் சுவருக்கானது இல்லை. இந்த டெஸ்ட்டுக்குச் செலவு எதுவும் கிடையாது. சுவரில் போட்ட ஓட்டையை அடைக்கத்தான் செலவாகும்.

மாட்டும்போது ஸ்பீக்கரின் எடையைத் தாங்கும் பிராக்கெட்டா என்று பாருங்க. ஜிப்சம் பலகைச் சுவரில் கனமான பெட்டி வேண்டாம். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் என்றால், அதிர்வு அந்தப் பக்கமும் போகும் என்பதையும் மறக்காதீங்க.

அப்போ யாருக்கு எது?

டிவி, சீரியல், படம், ஹோம் தியேட்டரின் பக்கவாட்டு ஸ்பீக்கர்கள்: சுவரே போதும். சின்ன அறைக்கு இது வசதியும்கூட. கண்ணை மூடி உட்கார்ந்து இளையராஜாவின் இசையை ஒவ்வொரு கருவியாகப் பிரித்துக் கேட்கும் ஆளா நீங்க? இடம் இருந்தால் ஸ்டாண்டுதான் சரி. இடம் இல்லையென்றால், கையில் இருக்கும் ஸ்பீக்கரை சுவரில் ஏற்றாமல், சுவருக்காகவே செய்த மெலிதான மாடலை வாங்குவது நல்லது.