நடனத்துக்கு வராதவள்

லுச்சினோ விஸ்கோந்தியின் 'தி லெப்பர்ட்' (1963) ஏறத்தாழ முக்கால் மணி நேர நடன விருந்தில் முடிகிறது. இடம் சிசிலித் தீவின் பலேர்மோ நகரம், ஆண்டு 1862. இத்தாலி ஒரே நாடாகி ஓராண்டுதான் ஆகியிருக்கிறது. மெழுகுவர்த்திகள், பட்டு, வியர்வை. மிலான் பிரபுக் குடும்பத்தில் பிறந்து கம்யூனிஸ்ட் ஆனவர் விஸ்கோந்தி. தன் வர்க்கத்தின் ஆடம்பரத்தை அவரால் ரசிக்கவும் முடிந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று காட்டவும் முடிந்தது. விருந்தின் நடுவே ஓர் அறை வருகிறது. தரை முழுக்க மூத்திரச் சட்டிகள். அவற்றை எந்தக் கைகள் கழுவும் என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

விருந்தின் மையம் ஆஞ்சலிகா. திடீர்ப் பணக்காரரான ஊர்த்தலைவர் கலோஜெரோவின் மகள். இளவரசர் சலினாவின் மருமகன் தன்கிரேதிக்குப் பட்டம் உண்டு, பணம் இல்லை. நிலம் இத்தனை, பொன் இத்தனை என்று சீதனம் பேசி முடிப்பவர்கள் இரண்டு ஆண்கள். ஆஞ்சலிகாவாக நடித்த கிளௌதியா கார்தினாலே, அந்த வெள்ளை உடைக்குள் இறுக்கிக் கட்டிய கோர்செட் தன் இடுப்பைப் புண்ணாக்கியதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பார்க்கும் நமக்குத் தெரிவது வால்ட்ஸின் லாவகம் மட்டும்தான்.

ஆஞ்சலிகாவின் தாய் அந்த விருந்தில் இல்லை. அவள் எழுதப் படிக்கத் தெரியாத, ஏழைக் குத்தகைக்காரனின் மகள். அழகி. ஆனாலும் கணவன் அவளைச் சபைக்கு அழைத்து வருவதில்லை. புதிய இத்தாலியில் மகளுக்கு இடம் கிடைத்தது, தாய்க்குக் கிடைக்கவில்லை. 1860இல் சிசிலி இணைவதற்கு நடந்த பொதுவாக்கெடுப்பையும் படம் காட்டுகிறது. அதில் பெண்களுக்கு வாக்கில்லை. இத்தாலியப் பெண்கள் தேசிய அளவில் வாக்களிக்க 1946 வரை காத்திருந்தார்கள்.

திரைக்கதை எழுதிய ஐவரில் ஒரே பெண் சூசோ செக்கி தாமிகோ. 'பெல்லிசிமா'விலிருந்து (1951) கடைசிப் படமான 'தி இன்னொசென்ட்' (1976) வரை விஸ்கோந்தியோடு எழுதியவர். விஸ்கோந்தியைப் புகழும் பேச்சில் இந்தப் பெயரும் வர வேண்டும்.

எனக்கு ஒரு குறை உண்டு. தன்கிரேதியை முதலில் நேசித்தவள் இளவரசரின் சொந்த மகள் கொன்செத்தா. லாம்பெதூசாவின் நாவல் அவளிடம்தான் முடிகிறது: 1910, மணமாகாத கிழவி, பழைய பொருள்கள் நிறைந்த வீடு. விஸ்கோந்தி அந்த அத்தியாயத்தை எடுக்கவில்லை. விடியற்காலைத் தெருவில் இளவரசர் தனியாக நடந்து போவதோடு படம் நின்றுவிடுகிறது. அந்தக் காட்சியின் அழகை மறுக்க மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் படத்தைப் போடும்போது, ஆடுகிறவர்களை விட்டுவிட்டு, கூட்டத்தில் கொன்செத்தா எங்கே நிற்கிறாள் என்றுதான் தேடுகிறேன்.